தயிர்சாதத்துக்கும் ஒழுகும் மூக்கு

மிளகு ரசத்துக்கு மூக்கு ஒழுகினால் அது ரசம் வைத்தவருக்குப் பெருமை. தயிர்சாதத்துக்கு, அதுவும் ஊறுகாய்கூடத் தொட்டுக்கொள்ளாத தயிர்சாதத்துக்கு ஒழுகினால்? எனக்கு ஒழுகுகிறது. பெரும்பாலும் ஆறாவது வாயில்.

போன வருடம் எடை குறைய வயிற்றில் ஆபரேஷன் செய்துகொண்டேன். ஸ்லீவ் என்பார்கள். அப்போது 128 கிலோ. சின்னச் சின்னதாக ஐந்து ஓட்டை போட்டு, இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை வாழைப்பழம் மாதிரி நீளக் குழாயாக்கி விட்டார்கள். பசியைக் கிளப்பிவிடும் கிரெலின் என்ற ஹார்மோன் அதிகமாகச் சுரப்பது அந்த வெட்டிப்போட்ட பகுதியில்தானாம். எனவே என் பழைய பசியும் அதோடு போயிற்று. இப்போது உள்ளே இருப்பது ஒரு டீ கிளாஸ் கொள்கிற இடம். முதலில் தண்ணீராக, அப்புறம் கூழாக, அப்புறம் குழைத்துப் பிசைந்து என்று இரண்டு மாதம் கைக்குழந்தைச் சாப்பாடு. கெட்டிச் சாதத்துக்கு வந்த பிறகுதான் மூக்கு தன் வேலையைக் காட்டியது.

சளி என்று நினைத்து ஆவி பிடித்தேன். நொச்சி இலைகூடப் போட்டேன். சாப்பிடாத நேரத்தில் மூக்கு சுத்தமாக இருக்கும். தட்டு முன்னால் உட்கார்ந்து ஆறு வாய் போனதும் வலது பக்கத்தில் ஒரு துளி இறங்கும். பின்னாலேயே இடது பக்கம்.

செக்கப்புக்குப் போனபோது டயட்டீஷியன் அம்மாவிடம் கூச்சத்தோடு கேட்டேன். அவர் சிரிக்கவே இல்லை. "அது நல்லதுதான் சார். வயிறு நிறைஞ்சிருச்சுன்னு அர்த்தம். மூக்கு வந்தா ஸ்பூனக் கீழ வெச்சிடுங்க" என்றார். அதே வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு அண்ணனுக்கு விக்கல் வருமாம். ஒரு அக்காவுக்குத் தொடர்ந்து மூன்று தும்மல். மூளையின் அடியிலிருந்து கிளம்பி, தொண்டை, நெஞ்சு என்று போய் வயிறு வரை இறங்குகிற வேகஸ் நரம்பின் கைவரிசையாக இருக்கலாம் என்கிறார்கள். லத்தீனில் வேகஸ் என்றால் அலைந்து திரிகிறது என்று பொருள். ஊர்சுற்றியிடம் வேலையைக் கொடுத்தால் வயிற்றுச் சேதியை மூக்கில் கொண்டுபோய்க் கொடுக்காமல் என்ன செய்யும்?

நாற்பத்தாறு வருடம் என் வயிறு "போதும்" என்று ஒரு நாளும் சொன்னதில்லை. இப்போது மூக்கு சொல்கிறது. என் மனைவி அதை மொழிபெயர்க்கிறாள். நான் ஒருமுறை உறிஞ்சினால் போதும், "மூக்கு வந்துருச்சு, எந்திரிங்க" என்று தட்டை இழுத்துவிடுவாள். நிஜமாகவே சளி பிடித்த வாரம் பெரிய கூத்து. காலையிலிருந்தே மூக்கு ஒழுகிக்கொண்டிருந்ததால் எது அளவு என்று தெரியாமல் ஒரு தோசையை முழுசாகச் சாப்பிட்டுவிட்டு, வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் நின்றேன்.

இதெல்லாம் வீட்டோடு இருந்தவரைக்கும் பிரச்சினை இல்லை. ஊரில் பெரியப்பா இறந்துபோனார்.

அவருக்கும் எங்களுக்கும் ஒரு புளியமரத்தால் பன்னிரண்டு வருடமாகப் பேச்சு இல்லை. மரம் எங்கள் வரப்பில், நிழல் அவர் கொல்லையில். பழம் யாருக்கு என்பதுதான் வழக்கு. இழவுக்குப் போய் மாலை போட்டுவிட்டு உடனே திரும்பிவிட்டேன். கருமாதிக்காவது இருந்து சாப்பிட்டுவிட்டு வர வேண்டும் என்று அம்மா பிடிவாதம். ஆபரேஷன் சங்கதி ஊரில் யாருக்கும் தெரியாது. கேட்டால் வாக்கிங் என்பேன்.

உருமாக் கட்டு முடிந்து பந்தி போட்டார்கள். எனக்கு நேர் எதிரே பெரியப்பாவின் படம், புது மாலையோடு. இலையில் சாம்பார் சாதம் மெத்தென்று விழுந்தது. ஒவ்வொரு வாயையும் முப்பது தடவை மென்று, தலை குனிந்து, மெதுவாகச் சாப்பிட்டேன். ஆறாவது வாய். வலது பக்கம் இறங்கியது. துடைத்தேன். இடது பக்கம். கர்ச்சீப்பை எடுத்தேன். துடைக்கத் துடைக்கக் கண்ணிலும் கொஞ்சம் தண்ணீர் வந்துவிட்டது.

பரிமாற வந்த பெரியம்மா நின்றுவிட்டார்.

"ஏன் ராசா அழுவுற?"

அழவில்லை என்று தலையை ஆட்டினேன். வாயில் சோறு. அது சம்மதம் மாதிரி ஆகிவிட்டது. தண்ணீரை எடுத்து நீட்டினார். எங்கள் சாதிக்கு, அதாவது ஸ்லீவ்காரர்களுக்கு, சாப்பாட்டோடு தண்ணீர் ஆகாது. அரை மணி நேரம் பொறுக்க வேண்டும். வேண்டாம் என்று கையைக் காட்டினேன்.

"தண்ணி கூட எறங்கல பாருங்கடி புள்ளைக்கு" என்று அவர் குரல் கொடுக்க, பந்தியே திரும்பியது. பாயசம் வந்தது. எனக்கு இனிப்பு உள்ளே போனால் படபடவென்று வரும், அதனால் அதையும் மறுத்தேன். முக்கால் இலை சோறு அப்படியே இருந்தது. யாரோ ஒரு கிழவி என் சட்டையைப் பார்த்தார். பழைய அளவுச் சட்டை, தோளிலிருந்து தொங்கியது. "அய்யோ, துரும்பா எளைச்சிட்டானே!"

மூக்கு, தண்ணீர், சோறு, சட்டை. நான்கு சாட்சி. எந்தப் பஞ்சாயத்திலும் இதற்கு மேல் கேட்க மாட்டார்கள். பெரியம்மா என் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டு ஓவென்று அழுதார். "பேசாம இருந்தாலும் பாசம் உள்ளுக்குள்ளயே இருந்துருக்கே!" விஷயம் தெரிந்த ஒரே ஆள் என் மனைவி. பெண்கள் பந்தியில் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தாள். அவளையும் இரண்டு பேர் முதுகைத் தடவித் தேற்றினார்கள்.

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். பெரியம்மாவின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன்.

மூன்று வாரம் கழித்து ஊரிலிருந்து பஸ்ஸில் ஒரு பை வந்தது. ஐந்து கிலோ புளி, கொட்டை நீக்கி, உருண்டை பிடித்தது. பின்னாலேயே பெரியம்மாவின் போன். "இனிமே பழத்த நீங்களே உலுக்கிக்கங்கய்யா. ஒங்க பெரியப்பா ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

அன்று ராத்திரியே என் மனைவி அந்தப் புளியைக் கரைத்து மிளகு ரசம் வைத்தாள். ஒரு கிண்ணத்தில் நாலு ஸ்பூன் ஊற்றித் தந்தாள். முதல் வாயிலேயே மூக்கு வந்துவிட்டது.

கிண்ணத்தை இழுக்கப் போனவள் கையை நிறுத்தினாள்.

"இது மெளகுக்கா, வயித்துக்கா, பெரிய மாமாவுக்கா?"