ரிப்போர்ட்டில் தெரியாத வலி

சேலத்தில் பிசியோதெரபி பார்க்க ஆரம்பித்துப் பதினோரு வருடம் ஆகிறது. செவ்வாய்ப்பேட்டை, பனங்காடு பக்கத்துக் கொலுசுப் பட்டறைக்காரர்கள் நிறையப் பேர் என்னிடம் வருவார்கள். நாள் முழுக்கக் குனிந்தே வேலை செய்வதால் கழுத்து பிடித்துக்கொள்ளும். எனக்குக் கைவந்த வேலைதான் அது.

அந்த அக்காவுக்கும் அதுதான் என்று நினைத்தேன். ஐம்பது வயதிருக்கும். சலங்கை பற்றவைக்கும் வேலை; கட்டைவிரலில் பழைய தீக்காயத் தழும்பு. கழுத்தில் விரல் வைத்ததுமே, அழுத்தக்கூட இல்லை, தோளைச் சுருக்கிக்கொண்டார். முழங்கை, இடுப்பு, தொடை, எங்கே தொட்டாலும் அப்படியே. "தூங்கி எந்திரிச்சாலும் அடிச்சுப்போட்ட மாதிரியே இருக்குது கண்ணு" என்றார். மஞ்சப்பையில் மூன்று வருட ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் இருந்தன. எல்லாம் நார்மல்.

"பயப்படாதீங்கக்கா, உங்களுக்கு ஒண்ணுமில்ல" என்றேன்.

ஆறுதலாகத்தான் சொன்னேன். அவர் முகம் சுண்டிப்போனது. ரிப்போர்ட்டுகளை ஒவ்வொன்றாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார். அடுத்த வாரம் வரவில்லை.

அந்த முகம் மனதை உறுத்தியது. ஸ்கேனிலும் ரத்தப் பரிசோதனையிலும் தெரியாமல் உடம்பெல்லாம் நாள்பட வலிக்கும் ஃபைப்ரோமயால்ஜியா என்ற நோயைப் பற்றிப் படிக்க உட்கார்ந்தேன். கல்லூரியில் ஒரு பக்கத்தோடு கடந்துபோன பாடம்.

மன அழுத்தம் வந்தால் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் சுரக்கும். அதே கார்ட்டிசால் மூளையிலுள்ள ஏற்பிகளில் போய் ஒட்டி, "போதும்" என்று சொல்லிச் சுரப்பை நிறுத்தவும் வேண்டும். எஃப்கேபிபி5 என்ற ஜீன் தயாரிக்கும் புரதம் கூடினால், ஏற்பிகளுக்கு அந்தப் "போதும்" சரியாகக் கேட்காது. ஜீனின் எழுத்து மாறாமலே அது மும்முரமாக வேலை செய்யவும் கூடும். அதன்மேல் ஒட்டிக்கொண்டு அதை அடக்கிவைக்கும் மெத்தில் குறிகள் என்ற சின்ன வேதிக் குறிகள் உதிர்ந்தால் போதும். இந்த ஜீனில் குறிப்பிட்ட ஒரு வகையோடு பிறந்து, சிறுவயதில் கொடுமைக்கு ஆளானவர்களிடம் அந்தக் குறிகள் குறைந்திருந்ததை 2013இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. 2016இல் இன்னொன்று: சுண்டெலிகளின் தண்டுவடத்தில் இந்தப் புரதத்தைத் தடுத்ததும் நாள்பட்ட வலி குறைந்தது.

இதை வைத்து அக்காவின் வலிக்கு இந்த ஜீன்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஃபைப்ரோமயால்ஜியாவை உறுதிசெய்ய ஜீன் பரிசோதனை எதுவும் இல்லை. நோயாளி சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். நான் கேட்கவே இல்லையே.

இரண்டு மாதம் கழித்து மாமியாரின் முழங்கால் வலிக்காக வந்தார். உட்காரவைத்து, "உங்க வலி நிஜம்க்கா. அன்னைக்கு நான் தப்பா சொல்லிட்டேன்" என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் தானாகவே சொன்னார்: ஒன்பது வயதில் பட்டறைக்கு அனுப்பியது, அங்கே வாங்கிய அடி, வீட்டுக்காரர் போனபின் வந்த கடன். முக்கால் மணி நேரம். வெளியே இரண்டு பேர் காத்திருந்தார்கள். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

வாதநோய் மருத்துவரிடம் அனுப்பினேன். அவர் ஃபைப்ரோமயால்ஜியா என்று உறுதிசெய்தார். ஐரோப்பிய வாதநோய் நிபுணர்களின் 2017ஆம் ஆண்டுப் பரிந்துரையில் அழுத்தமான ஆதரவு கிடைத்த ஒரே சிகிச்சை உடற்பயிற்சி. ஆனால் உடம்பெல்லாம் வலிக்கிறவரை ஒரேயடியாக நடக்கச் சொல்ல முடியுமா? முதலில் ஐந்து நிமிடம். வலி கூடினால் அதையே இன்னும் ஒரு வாரம். ஆறாவது நிமிடத்துக்குப் போகவே ஒரு மாதம் ஆனது.

இந்த ஆடிப் பண்டிகைக்குக் கோட்டை மாரியம்மன் கோயிலுக்கு நடந்தே போய்வந்தாராம். "வலிக்காம இல்ல கண்ணு. வழியில ரெண்டு இடத்துல உக்காந்துட்டுத்தான் போனேன்" என்றார்.