வெர்டிகோல லாஜிக் இல்ல, ஒத்துக்கறேன், அதனால என்ன

மொதல்லயே சொல்லிடறேன், வெர்டிகோ இன்னும் பாக்காதவங்க இத இப்போ படிக்காதீங்க, கடைசி சீன் வரைக்கும் எல்லாத்தயும் பேசப்போறேன்.

போன சனிக்கிழமை சித்தப்பா பையன் வந்திருந்தான், ராத்திரி சாப்ட்டு முடிச்சு ரெண்டு பேரும் அந்த 1958 ஹிட்ச்காக் படத்த போட்டு உக்காந்தோம், எனக்கு நாலாவது தடவ, அவனுக்கு மொத தடவ. முடிஞ்சு லைட்ட போட்டதும் அவன் கேட்டது இதுதான்: "ஏண்ணா, அந்தாளு படி ஏறி மேல வந்திருந்தா என்ன பண்ணிருப்பாங்க?"

நியாயமான கேள்விதான். எல்ஸ்டர்னு ஒரு பணக்காரன், பொண்டாட்டி மேடலின கொல்லணும். அதுக்கு ஜூடின்னு ஒரு பொண்ண பொண்டாட்டி மாதிரி நடிக்க வெச்சு, உயரத்துக்கு பயப்படற பழைய டிடெக்டிவ் ஸ்காட்டிய அவ பின்னாடி சுத்த விட்டு, சர்ச் கோபுரத்துக்கு வரவெச்சு, இவனுக்கு பாதி படியில தலை சுத்தி நிக்கறப்போ மேலருந்து நிஜ பொண்டாட்டியோட உடம்ப தள்ளி விடறான். ஸ்காட்டி பல்ல கடிச்சுட்டு இன்னும் ஒரு சுத்து ஏறியிருந்தா எல்ஸ்டர் அங்கயே மாட்டிருப்பான். கொல்லணும்னு நெனைக்கிற எவனும் தன் உயிர இன்னொருத்தனோட தலைசுத்தல நம்பி அடகு வைக்க மாட்டான்.

இத ஹிட்ச்காக்கே ஒத்துக்கிட்டார், பிரெஞ்சு டைரக்டர் த்ரூஃபோ அவர்கிட்ட எடுத்த நீளமான பேட்டியில, ஸ்காட்டி ஏற மாட்டான்னு புருஷனுக்கு எப்படி உறுதியா தெரியும், இந்த ஓட்டை என்ன உறுத்துதுன்னு அவரே சொல்லியிருக்கார். இன்னொரு இடத்துல, மேடலின் ஹோட்டல் ரூமுக்குள்ள போய் மாயமா மறையறாளே அது எப்படின்னு கேட்டதுக்கு, அதெல்லாம் வீட்டுக்கு போய் ஃப்ரிட்ஜ தொறந்து ஆறிப்போன சிக்கன எடுக்கறப்போ ஞாபகம் வர்ற சீன்னு சொன்னார். படம் ஓடறப்போ அந்த கேள்வி வரலன்னா அவருக்கு போதும். அந்த சான் ஹுவான் பாடிஸ்டா சர்ச்சுல ஷூட்டிங் நடந்தப்போ கோபுரமே கெடயாது, படத்துக்காக ட்ரிக் ஷாட்ல சேத்தது. இல்லாத கோபுரம், நடக்கவே முடியாத கொலை, ஆனா 2012ல சைட் அண்ட் சவுண்ட் பத்திரிகை விமர்சகர்கள்ட்ட வாக்கெடுப்பு எடுத்தப்போ எல்லா காலத்துக்குமான சிறந்த படம்னு மொத எடத்துல வந்தது இதுதான்.

நான் தம்பிகிட்ட சொன்னது, நீ எல்ஸ்டர் கதைய பாக்கற, படம் ஜூடி கதை. யோசிச்சு பாருங்க, ரகசியத்த ஹிட்ச்காக் கடைசி வரைக்கும் பொத்தி வெக்கல, கிட்டத்தட்ட அரை மணி நேரம் மிச்சம் இருக்கறப்பவே நமக்கு சொல்லிடறார். ஜூடி ஹோட்டல் ரூம்ல உக்காந்து ஸ்காட்டிக்கு எல்லாத்தயும் ஒத்துக்கிட்டு லெட்டர் எழுதறா, எழுதி கிழிச்சு போட்டுடறா. லாஜிக்படி அவ ஊர விட்டே ஓடிருக்கணும், கொலைக்கு உடந்தை, அடையாளம் தெரிஞ்ச ஒரே ஆள் வாசக்கதவுல வந்து நிக்கறான். அவ ஓடல. அவன் தன்னயே, இந்த ஜூடியயே, விரும்புவான்னு ஒரு நப்பாசை. அவனோ அவள செத்துப்போன மேடலினாவே ஆக்கணும்னு சாம்பல் கலர் சூட் வாங்கி குடுத்து, முடி கலர மாத்தி, கொண்டைய கூட அதே மாதிரி போட சொல்றான், அவ ஒவ்வொண்ணுக்கா தலையாட்டறா. அந்த பச்ச வெளிச்சத்துல அவ பாத்ரூம்லருந்து வெளிய வர்ற சீன்ல எனக்கு நாலு தடவையும் தொண்டை அடச்சுது.

அந்த நெக்லஸ் விஷயமும் அப்படித்தான். செத்துப்போன மேடலின் போட்டிருந்த நெக்லஸ அவ எடுத்து மாட்டிக்கறா, ஸ்காட்டி கண்ணாடியில பாத்து கண்டுபிடிச்சுடறான். இவ்ளோ முட்டாளா ஒருத்தி இருப்பாளான்னு தம்பி கேட்டான். இருப்பா, பத்திரமா இருக்கோம்னு நம்பற அந்த ஒரு நிமிஷத்துல எல்லாரும் அப்படித்தான்.

போலீஸ் ஸ்டேஷன்ல வில்லன் ஒத்துக்கிட்டதும் கேஸ் முடிஞ்சிடற மாதிரி நம்ம படங்கள்ல வருமே, போலீஸ்கிட்ட குடுத்த ஒப்புதல் வாக்குமூலம் பொதுவா கோர்ட்ல செல்லாதுன்னு 1872 எவிடன்ஸ் ஆக்ட் 25வது பிரிவுலயே இருந்தது, 2024 ஜூலைலருந்து வந்த புது சட்டத்துலயும் இருக்கு. தெரிஞ்சும் எனக்கு அது உறுத்தாது. உறுத்தறது வேற: ரெண்டு மணி நேரமா புத்திசாலியா வந்த போலீஸ் ஆபீசர், வில்லன் தனியா வான்னு கூப்ட்டதும் யார்கிட்டயும் சொல்லாம பாழடஞ்ச மில்லுக்கு போறாங்கல்ல, அங்க எனக்கு கோவம் வரும். கிளைமாக்ஸ்க்கு ஆள் வேணும்னு அவங்க மூளைய கழட்டி வெச்சுட்டாங்க, அந்த ஆளுக்கு பண்ற துரோகம் அது. ஜூடி பண்ற தப்பு அவளோட தப்பு, இது டைரக்டரோட தப்பு.

இதே வெர்டிகோ சாயல்ல நம்ம ஊர்ல 1965ல கலங்கரை விளக்கம் வந்தது, எம்ஜிஆர், சரோஜா தேவிக்கு ரெட்டை வேஷம், சர்ச் கோபுரத்துக்கு பதிலா லைட்ஹவுஸ். பொன்னெழில் பூத்தது பாட்டு ஓடறப்போ யாருக்கும் லாஜிக் கேக்க தோணாது, எங்க வீட்ல இன்னிக்கும் அந்த பாட்டுக்கு சவுண்ட கூட்டுவாங்க.

ஆனா வெர்டிகோல என்னால ஏத்துக்க முடியாத ஓட்டை ஒண்ணு இருக்கு, அது கோபுரம் இல்ல, மிட்ஜ். காலேஜ் காலத்துல ஸ்காட்டிக்கு மூணு வாரம் நிச்சயமான பொண்ணா இருந்தவ, இப்பவும் அவன்மேல உயிரா இருக்கறவ. அவன் புத்தி பேதலிச்சு ஆஸ்பத்திரியில கெடக்கறப்போ வந்து பாத்துட்டு, நீளமான காரிடார்ல தனியா நடந்து போறா. அதோட சரி, படத்துல அவ திரும்ப வர்றதே இல்ல. அவ்ளோ நேசிச்சவ அவன் வெளிய வந்தப்புறம் ஒரு தடவ கூடவா வீட்டு கதவ தட்டல? நாலு தடவ பாத்துட்டேன், ஒவ்வொரு தடவையும் படம் முடியறப்போ அவளத்தான் தேடறேன்.