அக்காவுக்குக் கனவு இல்லம் வந்தாச்சு

எங்க அக்காவுக்கு, குடிசையில் இருப்பவர்கள் கான்கிரீட் வீடு கட்டத் தமிழ்நாடு அரசு பணம் தரும் கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் வீடு ஒதுக்கி, வேலை உத்தரவும் வந்துவிட்டது. ரொம்ப சந்தோஷம். அரசு தருவது 3.50 லட்சம் ரூபாய், வீடு 360 சதுர அடி, அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் கூரை. மிச்சத்துக்குத் தீப்பிடிக்காத வேறு கூரை போட்டுக்கலாம்.

குடிசையில் இருப்பவர்கள் முதலில் பட்டாவைச் சரிபார்த்து வையுங்கள், இடம் தாத்தா பெயரிலேயே இருந்தால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும்.

அப்புறம் பணம். மொத்தமாகக் கையில் தர மாட்டார்கள், வேலை ஆக ஆகத்தான் தவணை வரும். கடைக்கால் தோண்டி, கல் கட்டி, பேஸ்மட்டம் எழும்பிய பிறகு வந்து போட்டோ எடுத்துப் போவார்கள், அதற்குப் பிறகுதான் வங்கிக் கணக்கில் விழும். அதுவரை கொத்தனாருக்குச் சனிக்கிழமை சம்பளம் யார் கொடுப்பது? அக்கா குழுக் கடன் கேட்டிருக்கிறாள். கந்துவட்டிப் பக்கம் போகவே விடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

"இன்னொரு ரூம் இழுத்துடலாம்க்கா"ன்னு மேஸ்திரி சொல்கிறார். வேண்டாம். பாதியில் நின்று கம்பி துருப்பிடித்த வீடுகளை ஊரில் பார்க்கிறோமே. இப்போதைக்கு 360 அடியை முழுசாக முடித்துக் குடிபோகட்டும். மாடிப்படிக்கு மட்டும் இடம் விடச் சொல்லியிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை வாஸ்து பூஜை, பக்கத்தில் இருப்பவர்கள் வாங்க.