கெஞ்சுகிறவரின் துணிச்சல்

கல்லூரியில் ஐரோப்பியச் செவ்விலக்கியத் தாளை நடத்துகிறேன். அதில் ரோமானியக் கவிஞர் ஓவிடின் நாடுகடத்தல் கவிதைகள் வரும்போது வகுப்பு சோர்ந்துவிடும். "எப்பப் பார்த்தாலும் ராஜாகிட்ட கெஞ்சிக்கிட்டே இருக்காரே சார், இதுல தைரியம் எங்க?" என்று ஒரு மாணவி கேட்டாள். நியாயமான கேள்வி.

கி.பி. 8-இல் பேரரசர் அகஸ்டஸ் ஓவிடை ரோமிலிருந்து கருங்கடல் கரையிலுள்ள தோமிஸுக்கு அனுப்பினார். இன்றைய ருமேனியாவின் கான்ஸ்டான்ட்சா. விசாரணை இல்லை, செனட் தீர்மானமும் இல்லை. ஒரு கவிதையும் ஒரு தவறும் காரணம் என்கிறார் ஓவிட். அந்தத் தவறு என்னவென்று சொல்லவே இல்லை. அங்கிருந்து எழுதிய 'டிரிஸ்டியா' ஐந்து தொகுதிகளிலும் குளிர், பயம், மன்னிப்புக் கோரிக்கை. உறைந்த ஒயின் ஜாடி இல்லாமலும் ஜாடி வடிவத்திலேயே நிற்கும் என்று எழுதுகிறார்.

ஆனால் மூன்றாம் தொகுதியில் பெரில்லா என்ற இளம் பெண் கவிஞருக்கு எழுதிய கடிதக் கவிதை இருக்கிறது. எல்லாவற்றையும் பறித்துவிட்டார்கள், என் கவித்திறன் மட்டும் என்னோடு இருக்கிறது, அதன்மேல் சீசருக்கு, அதாவது அகஸ்டஸுக்கு, எந்த உரிமையும் இல்லை என்கிறார். மன்னிக்க வேண்டிய அதே சீசர் உயிரோடு ஆண்டுகொண்டிருக்கும்போது, ரோமில் படிக்கப்படும் என்று தெரிந்தே எழுதியது இது. இதை வாசிக்கும்போது வகுப்பு நிமிர்ந்து உட்காரும். நானும்தான், ஒவ்வோர் ஆண்டும்.

எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது இன்னொன்று. 'டிரிஸ்டியா'வில் நண்பர்களுக்கு எழுதும்போது பெரும்பாலும் பெயரை விட்டுவிடுகிறார். தன்னோடு சேர்த்துப் பேசப்பட்டால் அவர்களுக்கு ஆபத்து. தனிமையில் தவிக்கிறவருக்கு அன்பானவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தோன்றாதா? அதை அடக்கிக்கொள்ள எவ்வளவு உறுதி வேண்டும்! பிறகு 'பான்டஸிலிருந்து கடிதங்கள்' (பான்டஸ் என்பது அந்தக் கருங்கடல் பகுதி) எழுதும்போது பெயர்களைச் சொல்கிறார். அப்போதும் பெயர் வேண்டாம் என்று பயந்த ஒரு நண்பரிடம், சீசர் இதைத் தடுக்கவில்லையே என்று வாதாடுகிறார், ஆதங்கப்படுகிறார். ஆனால் பெயரைச் சொல்லவில்லை.

இப்போதெல்லாம் இந்தப் பகுதியைப் பெரில்லா கவிதையிலிருந்தே தொடங்குகிறேன். அப்புறம் கெஞ்சும் கவிதைகளைப் படிக்கிறோம். அந்த வரிகளை மாணவர்கள் இன்னும் பொறுமையாகக் கேட்கிறார்கள். சிலர் அவரைக் கோழை என்றே எழுதுகிறார்கள், காரணம் சரியாகச் சொன்னால் முழு மதிப்பெண் கொடுக்கிறேன்.