எட்டாவது ஆள்

குன்னூர்ப் பக்கம் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். ரத்தம் எளிதில் உறையாத ஹீமோபிலியா நோய் உள்ள பிள்ளைகளின் முட்டியை நீட்டி மடக்கப் பழக்குவதுதான் வேலையில் பாதி. மூட்டுக்குள் ரத்தம் கசிந்து கசிந்து, ஏழெட்டு வயதிலேயே கால் நீட்ட முடியாமல் வருவார்கள்.

எங்கள் குழுவைப் பார்த்தாலே நீலகிரி தெரியும். சிஸ்டர் படுகர் வீட்டுப் பெண். லேப் பார்ப்பவர் கூடலூர் மலையாளி, எல்லோருக்கும் சேட்டன். கோத்தகிரியில் இலை பறிக்கும் ஓர் அக்கா, 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த குடும்பம்; அவர் மகனுக்கே ஹீமோபிலியா. அப்புறம் ஜார்க்கண்ட் தொழிலாளி ஒருவரின் மகள். கல்லூரியில் படிக்கிறாள், தமிழும் இந்தியும் வீட்டில் பேசும் சாத்ரி மொழியும் சரளம்.

மூன்று வருடம் முன்பு, நான்கு வயது மகனைத் தூக்கிக்கொண்டு ஜார்க்கண்ட் தாய் ஒருத்தி வந்தாள். காய்ச்சலுக்கு ஒரு கிளினிக்கில் இடுப்பில் ஊசி போட்டிருக்கிறார்கள். தசையில் போடும் ஊசி இந்தப் பிள்ளைகளுக்கு ஆகாது. தொடைவரை வீங்கிக் கல் மாதிரி இருந்தது. உடம்பெல்லாம் நீலத் திட்டுகள். பிள்ளையை அவள்தான் அடிக்கிறாள் என்று தோட்டத் தொழிலாளர் லைன் வீடுகளில் பேச்சு வேறு.

பரிசோதனையில், ரத்தம் உறையத் தேவையான ஃபேக்டர் 8 என்ற புரதம் இல்லை என்று தெரிந்தது. ஏறக்குறைய 5,000 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு இப்படி வரும். நான் புரியவைக்க உட்கார்ந்தேன். "ரத்தத்தில் ஒரு குறை. தாய்வழியாக வருவது." மாணவி அதை அப்படியே சொன்னாள். அந்தத் தாய் முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். அதன்பிறகு இரண்டு மாதம் வரவே இல்லை.

அக்காதான் என்னிடம் சொன்னார்: "தம்பி, குறைன்னு சொன்னா தன்கிட்டதான் குறைன்னு அவ காதுல விழும். என் மாமியார் என்னை அப்படித்தான் சொன்னாங்க." நான் படித்த எந்தப் பாடத்திலும் இது இல்லை. சொன்ன தகவல் சரி, சொல் தப்பு. இன்றும் அது என்னை உறுத்துகிறது.

அக்காவும் மாணவியும் நானும் அவள் லைன் வீட்டுக்கே போனோம். அக்கா அடுப்புப் பக்கமாக உட்கார்ந்து பேசினார். "குழாயில தண்ணி வரலைன்னா ஓடையிலேர்ந்து வரிசையா நின்னு குடத்தை கைமாத்தி கொடுப்போமில்ல? ரத்தம் உறையிறதும் அப்படித்தான். உன் பையன் வரிசையில எட்டாவது ஆள் வேலைக்கு வரலை. அதான் குடம் அங்கேயே நிக்குது. ஊசியில அந்த ஆளைத்தான் அனுப்புறாங்க. இதுல உன் குத்தம் எங்கம்மா இருக்கு?" மாணவி சாத்ரியில் சொல்லச் சொல்ல, அவள் முந்தானை கொஞ்சம் கொஞ்சமாக விலகியது. குடும்பத்தில் இதற்கு முன் யாருக்குமே இல்லாமலும் வருவதுண்டு, ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அப்படித்தான் என்பதை அன்று அதற்கப்புறம்தான் சொன்னேன்.

அரசு மருத்துவமனையில் ஃபேக்டர் இலவசம்தான். ஆனாலும் ஒருமுறை வந்துபோனால் அன்றைய கூலி போச்சு. அதனால் வீட்டிலேயே போடப் பழகச் சொன்னோம். குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்த குப்பியைச் சிஸ்டர் அவள் கையில் வைத்தார். டிசம்பர் குளிரில் அது சீக்கிரம் சூடேறாது. உள்ளங்கைக்குள் பொத்தி வைக்கணும். மருந்துநீரைச் சேர்த்ததும் குலுக்கக் கூடாது, நுரைத்துவிடும். மெல்லச் சுழற்றணும். இலை கிள்ளிக் கறுத்த அவள் விரல்களுக்குள் வெள்ளைத் தூள் கரைந்து தெளிந்தது. நரம்பு பிடிக்க மட்டும் ஐந்தாறு வாரம் ஆயிற்று.

போன மாதம் பையனின் முட்டியை நான் நீட்டிக்கொண்டிருக்க, அவள் ஜன்னல் ஓரம் நின்று போன் பேசிக்கொண்டிருந்தாள். ஊரில் தங்கை முழுகாமல் இருக்கிறாளாம். தங்கைக்கும் பரிசோதனை செய்யணும் என்று எடுத்துச் சொல்கிறாள் என்றாள் மாணவி. இத்தனை நாள் வீட்டாரிடம் மறைத்து வைத்திருந்தவள். அவள் பேசியதில் எனக்குப் புரிந்தது ஒரே சொல்தான். 'ஆட்.' எட்டு.