டியூமர் இருக்கும் பிளாக்கைக் கேட்டு வாங்குங்கள்

சினைப்பைக் கட்டிக்கு உள்ளூரில் ஆபரேஷன் முடித்து, பயாப்சி ரிப்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடப்போகிறவர்கள் பஸ் ஏறுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். ரிப்போர்ட் மட்டும் போதாது. மெழுகில் பதித்து வைத்திருக்கும் சதைத் துண்டும், அதாவது பிளாக்கும், கையில் இருக்க வேண்டும். அது இல்லாமல் நாங்கள் அலைந்த எரிச்சல் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

என் தங்கைக்கு 23 வயது. ஓயாத வாந்தி என்று போனபோது முதலில் அல்சர் மாத்திரைதான் கொடுத்தார்கள். குடம் குடமாகத் தண்ணீர் குடிப்பாள், மலச்சிக்கல் வேறு, பேசிக்கொண்டிருக்கும்போதே தூங்கி விழுவாள். அப்புறம் ஸ்கேனில் ஒரு பக்கச் சினைப்பையில் பெரிய கட்டி தெரிந்தது, எடுத்தார்கள், ஆபரேஷனில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பயாப்சியில் இளவயதில் வரும் கிரானுலோசா செல் கட்டி என்று வந்தது. எடுத்தாயிற்று, இனி பயமில்லை, எதற்கும் ஒரு புற்றுநோய் டாக்டரைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

சென்னையில் பார்த்த டாக்டர் ரிப்போர்ட்டை ஓரமாக வைத்துவிட்டு, ஃபைலைக் கடைசிப் பக்கத்திலிருந்து புரட்டினார். ஆபரேஷனுக்கு முன் எடுத்த ரத்தப் பரிசோதனைத் தாளில் அவர் விரல் நின்றது. கால்சியம் 14.1. பத்தரைக்கு மேல் போகக்கூடாத அளவு அது, பக்கத்திலேயே அளவு மீறியதற்கான குறியும் அச்சாகியிருக்கிறது, அத்தனை பேர் கையெழுத்துப் போட்ட ஃபைலில் ஒருவர் கண்ணிலும் அது படவில்லை. வாந்தி, தாகம், தூக்கம் எல்லாம் அதனால்தான். இளம்பெண், ஒரு பக்கக் கட்டி, ஏறிய கால்சியம், மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் எனக்கு வேறொரு சந்தேகம் வருகிறது, பிளாக் எங்கே என்றார்.

அவர் சந்தேகப்பட்டது ஸ்மால் செல் கார்சினோமா, ஹைப்பர்கால்சீமிக் வகை, அதாவது ரத்தத்தில் கால்சியத்தை ஏற்றும் வகை. சினைப்பைப் புற்றுநோய்களில் மிக அரிது, மிக வேகமாகப் பரவக்கூடியது. வழக்கமான சினைப்பைப் புற்றுநோய் ஐம்பதைத் தாண்டியவர்களுக்குத்தான் அதிகம் வரும், இதுவோ சராசரியாக 24 வயதை ஒட்டி வருகிறது. ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேருக்குக் கால்சியம் ஏறுகிறது. ஸ்மார்க்கா4 என்ற மரபணு பழுதாவதுதான் காரணம் என்று 2014இல்தான் கண்டுபிடித்தார்கள். அந்த மரபணு உண்டாக்கும் பிஆர்ஜி1 என்ற புரதம் கட்டியின் செல்களில் இருக்கிறதா என்று சாயம் போட்டுப் பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். எல்லா லேபிலும் அந்தச் சாயம் இருப்பதில்லை. அதற்குத்தான் பிளாக்.

சரி, வாங்கி வரலாம் என்று ஊருக்குத் திரும்பினேன். கவுன்ட்டரில் இருந்தவர், "ரிப்போர்ட் கொடுத்தாச்சேம்மா, அப்புறம் என்ன?" என்றார். டாக்டர் கடிதத்தைக் காட்டினால், நோயாளியே வந்து கையெழுத்துப் போடணும் என்கிறார். வயிற்றில் தையலோடு படுத்திருக்கிறவளை எப்படிக் கூட்டி வருவது? அவள் கையெழுத்துப் போட்ட கடிதமும் ஆதார் நகலும் போதும் என்பது உள்ளே இருந்த டெக்னீஷியன் அக்கா சொல்லித்தான் தெரிந்தது. அதையும் கொண்டுபோய்க் கொடுத்தால் வெறும் ஸ்லைடை, அதாவது சதையை மெல்லிசாகச் சீவி ஒட்டிய கண்ணாடித் துண்டைக் கொடுத்தார்கள். சண்டை போட்ட பிறகு, டிஷ்யூ பேப்பரில் சுற்றி மாத்திரைக் கவருக்குள் போட்டு ஒரு பிளாக்கை நீட்டினார்கள். தீப்பெட்டியைவிடச் சின்னது, பென்சிலில் நம்பர் எழுதிய பிளாஸ்டிக் சட்டம், உள்ளே வெள்ளை மெழுகு, நடுவில் வட்டமாக ஒரு துளிச் சதை. பத்திரமாக சென்னைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து அழைத்து, "இது கருக்குழாய்ங்க, இதுல டியூமரே இல்ல" என்கிறார்கள்!

ஆபரேஷனில் எடுத்த ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனி பிளாக் உண்டு. எது எந்தப் பகுதி என்பதைப் பல ரிப்போர்ட்டுகளில் ஏ1, ஏ2, பி1 என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். அதைப் பார்த்து, டியூமர் உள்ள பிளாக் வேண்டும் என்று எழுதியே கொடுங்கள். கையில் வாங்கியதும் பயாப்சி நம்பர், பெயர், இனிஷியல் மூன்றையும் ஒப்பிட்டுவிட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு நகருங்கள். வெயிலில் நிற்கும் காரில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள், மெழுகு அது.

இனிஷியல் என்று சும்மா சொல்லவில்லை. முதல் லேப் எங்கள் அப்பாவின் இனிஷியலை மாற்றி அடித்திருந்தது, காப்பீட்டு அட்டையில் வேறு, பயாப்சியில் வேறு. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்குப் பேப்பர் அனுப்பும் நேரத்தில் ஆஸ்பத்திரி மேசையில் அதைக் காட்டி நிறுத்திவிட்டார்கள். திருத்திய ரிப்போர்ட் வாங்க மறுபடி அதே கவுன்ட்டர், அதே முகம். இந்த முறை நான் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். சாயங்காலத்துக்குள் கையில் கொடுத்தார்கள்.

மறுபடி வாங்கிக் கொடுத்த சரியான பிளாக்கில் பிஆர்ஜி1 இல்லை என்று வந்தது. இந்தப் பரிசோதனையில் இல்லை என்றால் நோய் ஏறக்குறைய உறுதி, நல்ல செய்தி என்று நினைத்து யாரும் ஸ்வீட் வாங்கிவிடாதீர்கள், எங்கள் சித்தப்பா வாங்கினார். இவ்வளவு அரிய நோய்க்கு ஒரே டாக்டரின் கருத்தோடு நிற்காமல், மும்பை டாட்டா மெமோரியல் புற்றுநோய் ஆஸ்பத்திரியோடு சேர்ந்து இயங்கும் நவ்யா என்ற சேவை வழியாக ஆன்லைனிலேயே இன்னொரு கருத்தும் வாங்கினோம். சிஸ்பிளாட்டின், எட்டோபோசைட் அடிப்படையில் கீமோ, பிறகு ரத்த அணுக்களை உண்டாக்கும் அவளுடைய ஸ்டெம் செல்லையே எடுத்து வைத்துக்கொண்டு அதிக டோஸ் கீமோ, முடிந்ததும் அதைத் திரும்ப ஏற்றுவது. கருமுட்டை சேமிக்கக் குறைந்தது பத்துப் பன்னிரண்டு நாளாவது வேண்டும் என்றார்கள். லேப் கவுன்ட்டரில் போன நாட்கள் இருந்திருந்தால் அதைச் செய்திருக்கலாம், இதை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது.

கீமோவில் இரண்டு எச்சரிக்கை. ரத்தத்தில் வெள்ளை அணு கவுன்ட் ஏற்றும் ஊசியை வீட்டுக்கு வாங்கிப் போகிறவர்கள் ஐஸ் பேக்கோடு கொண்டுபோங்கள், ஆனால் ஊசி ஐஸில் நேரடியாகப் படக்கூடாது, ஃப்ரீசரிலும் வைக்கக்கூடாது. காது இரைந்தால் அன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள், சிஸ்பிளாட்டினால் காது கேட்பது குறையலாம்.

இப்போது ஸ்கேன் சுத்தமாக இருக்கிறது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை போகிறோம். ரத்தம் எடுக்கும்போதெல்லாம் கால்சியம் பட்டியலில் இருக்கிறதா என்று நானே எட்டிப் பார்க்கிறேன்.

மிச்சம் இருப்பது குடும்பம். இந்தப் பழுது சிலருக்குப் பரம்பரையாக வரும் என்பதால் தங்கைக்கும் எங்களுக்கும் ரத்தப் பரிசோதனை செய்தார்கள். அவளுக்கு அப்பா வழியில் வந்திருக்கிறது, எனக்கு இல்லை. அவர் மகள்களுக்கும் இருக்கலாம், பார்த்துவிடுங்கள் என்று பெரியப்பாவிடம் சொன்னால், "கல்யாணம் பேசுற நேரத்துல இதையெல்லாம் வெளிய சொல்லிட்டுத் திரியாதே" என்கிறார். பரிசோதனைக்கு ஒத்துக்கொண்டால் நாளைக்கே சினைப்பையை எடுக்கும் ஆபரேஷன் என்று யார் சொன்னது? முதலில் மரபணு ஆலோசகரிடம் பேசலாம், எப்போது என்ன செய்வது என்பது அதற்கப்புறம். போன வாரம் அவர் சின்ன மகள் மட்டும் ரகசியமாக வாட்ஸ்அப்பில் கேட்டாள். தங்கையின் மரபணு ரிப்போர்ட்டை அனுப்பினேன், எந்த இடத்தில் பழுது என்று அதில் இருக்கிறது, அதைக் காட்டினால் அந்த ஒரு இடத்தை மட்டும் பார்ப்பார்கள், செலவு குறையும். இனிஷியலைச் சரிபார்த்துத்தான் அனுப்பியிருக்கிறேன்.