நாடி முருகன் கோயில் அடியார்கள்

பிஜித் தீவுகளுக்கு விமானத்தில் போகிறவர்கள் பெரும்பாலும் வந்து இறங்குவது நாடியில்தான். எழுதுவது நாடி, ஊரார் கூப்பிடுவது நந்தி. பிரதான சாலை தெற்கே முடிகிற இடத்தில் சிவசுப்பிரமணிய சுவாமி கோயில் இருக்கிறது. இந்தியாவிலிருந்து போன சிற்பிகள் வேலை செய்து, 1994இல் கும்பாபிஷேகம் கண்ட கோயில். கோபுரத்து வண்ணங்களும் விதானத்து ஓவியங்களும் சுற்றுலா வந்தவர்கள் எடுத்த படங்களில் வேண்டிய மட்டும் கிடைக்கும். அதனால் கோயிலை அப்படியே விட்டுவிட்டு, அங்கே பழகிய மனிதர்களைப் பற்றி எழுதுகிறேன். தைப்பூச விழாவில் திருமுறை பாடவும், அங்குள்ள பெண்களுக்குக் கொஞ்சம் திருப்புகழ் சொல்லிக்கொடுக்கவும் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். ஓய்வுபெற்ற ஓதுவாருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

கரும்புத் தோட்ட வேலைக்கென்று 1879 முதல் 1916 வரை ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் பிஜிக்கு ஏற்றிப் போன இந்தியர்கள் 60,000 பேருக்கு மேல். முதலில் கல்கத்தாவிலிருந்து மட்டும்தான் கப்பல். சென்னையிலிருந்து ஆளேற்றத் தொடங்கியது 1903இல். அப்படிப் போனவர்கள் சுமார் 15,000 பேர். தமிழர், தெலுங்கர், மலையாளிகள் எல்லாரும் அதில் உண்டு. முன்னால் போன வடக்கத்தியாரின் பேச்சிலிருந்து உருவான பிஜி இந்திதான் தோட்டத்தின் பொதுப்பேச்சு. பிந்தி வந்தவர்களின் தமிழ் வீட்டுக்குள் ஒதுங்கி, தலைமுறைக்குத் தலைமுறை மெலிந்துவிட்டது.

நம் ஊரிலிருந்து போகிறவர்கள் இதைப் பார்த்து, "தமிழ் போச்சே" என்று உச்சுக்கொட்டுவது வழக்கம். எனக்கு அது எரிச்சலாக இருக்கிறது. இருப்பதைப் பார்க்க வேண்டாமா? 1926இல் தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கத்தைத் தொடங்கிய சாது குப்புசாமி, ஒப்பந்தக் கூலியாகக் கப்பலேறி வந்தவர். சங்கத்தார் கேட்டுக்கொண்டதால் 1937இல் ராமகிருஷ்ண மிஷனின் சுவாமி அவினாசானந்தரும், 1939இல் சுவாமி ருத்ரானந்தரும் வந்தார்கள். ருத்ரானந்தர் பூஜையோடும் பள்ளிக்கூடத்தோடும் நிற்கவில்லை. 1943 கரும்பு வேலைநிறுத்தத்தில் விவசாயிகள் பக்கம் நின்று, வெள்ளைக்கார அரசின் நடமாட்டக் கட்டுப்பாட்டுக்கும் ஆளானார். சங்கத்துப் பள்ளிகள் இன்றும் நடக்கின்றன. லம்பாசா என்ற ஊரில் செவிலியர் கல்லூரிகூட இருக்கிறது.

தங்கியிருந்த வீட்டிலிருந்து என்னைத் தினமும் கோயிலுக்குக் கூட்டிப்போன டாக்ஸிக்காரர் ஒரு காலத்தில் கரும்பு விவசாயி. பிஜியில் நிலத்தின் பெரும்பகுதி பூர்வகுடிகளுக்குச் சொந்தம். இந்தியர்கள் அதைக் குத்தகைக்கு எடுத்துத்தான் பயிர் வைக்கிறார்கள். 1997இலிருந்து முப்பதாண்டுக் குத்தகைகள் முடிய ஆரம்பித்து, பலருக்குப் புதுப்பிக்கப்படாமல் போயிற்று. அவருடையதும் அதில் ஒன்று. தாத்தா காலத்து வீட்டின் தகரத்தைக் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டு டவுனுக்கு வந்ததை, யாருக்கோ நடந்தது போலச் சிரித்துக்கொண்டே சொன்னார். நிலத்தை வாங்கிக்கொண்டவர்கள் மேல் கோபமில்லையா என்று கேட்டேன். "அவங்க நிலம், பண்டிட்ஜி" என்றார். நான் ஐயரும் இல்லை, பண்டிட்டும் இல்லை. அங்கே எல்லாருக்கும் பண்டிட்ஜிதான்.

கரும்பு வெட்டு ஜூனில் தொடங்கி நவம்பர், டிசம்பரோடு ஓய்ந்துவிடும். தைப்பூசம் வருவது மழையும் புயலுமான மாதங்களில். வயலில் வேலை இருக்காது, கையில் காசும் அதிகம் இருக்காது. கரும்புப் பணம் தவணை தவணையாக வருவதால், "அடுத்த பேமென்ட் வந்ததும் தருகிறேன்" என்று நோட்டில் எழுதிவைத்துவிட்டுப் போகிறார்கள். காசு தர முடியாதவர் மரவள்ளிக் கிழங்கு மூட்டையோடு வருகிறார். சமையற்கட்டில் விறகடுப்பு அணைவதே இல்லை.

காவடி எடுக்கிறவர்கள் விரதத்தில் மாமிசம் தொடமாட்டார்கள். அதுகூடப் பரவாயில்லையாம்; யங்கோனாவை விடுவதுதான் பெரிய தவமாம். அது ஒரு வேரை இடித்துக் கலக்கிக் குடிக்கும் பானம். சாயங்காலமானால் அதைச் சுற்றி உட்கார்ந்துதான் பிஜியில் ஊர்க்கதை நடக்கும். "நாக்கில் அலகு குத்திக்கலாம், ராத்திரி எட்டு மணிக்கு வீட்டில் சும்மா உட்கார முடியலை" என்றார் ஒருவர். அவர் சொன்னதில் வேடிக்கை இருந்தாலும் பொய் இல்லை. விரத நாளில் அவர் வாசலில் நின்றபடியே நண்பர்களோடு பேசிவிட்டுத் திரும்பியதை நானே பார்த்தேன்.

அந்த நண்பர்களில் ஒருவர் பிஜியின் பூர்வகுடிக்காரர், வாரந்தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். பிஜி இந்தியை என்னைவிட நூறு மடங்கு நன்றாகப் பேசுவார். விழாவுக்குத் தேங்காய் உரித்துத் தருவது அவர் பொறுப்பு. யாரும் ஒப்படைத்ததில்லை, அவராக எடுத்துக்கொண்டது. அலகு குத்தியவர்களை வியப்பாகப் பார்க்கிறாரோ என்று நினைத்துப் பேச்சுக் கொடுத்தேன். தங்கள் பெங்கா தீவில் சாவாவ் குலத்தார் பழுக்கக் காய்ந்த கற்களின் மேல் நடப்பார்கள் என்றும், தலைநகர் சுவாவில் மாரியம்மன் கோயிலில் நம்மவர்கள் தணல் மேல் நடப்பதைத் தானே போய்ப் பார்த்திருப்பதாகவும் சொன்னார். "கல் கஷ்டமா, கரி கஷ்டமா?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். இதற்குத் திருமுறையில் பதில் இல்லை.

பாட்டு வகுப்புக்கு வந்த பெண்களைப் பற்றிச் சொன்னால்தான் இந்தக் கட்டுரைக்கு அர்த்தம். வேலைக்குப் போய்த் திரும்பி, வீட்டில் சமைத்துவைத்துவிட்டு வருவார்கள். தமிழ்ப் பாட்டை ஆங்கில எழுத்தில் எழுதி வைத்த நோட்டுகள். ஓரம் கிழிந்து, எண்ணெய்க் கறை படிந்தவை. ழகரமும் ளகரமும் அவர்கள் எழுத்தில் ஒன்றுதான். சந்தம் மட்டும் பிசகவில்லை. திருப்புகழ் போல ஓடுகிற தாளத்தில் ஒரு அட்சரம் தவறினால் சரிந்துவிடும். இவர்கள் பொருள் தெரியாமலே அத்தனை அட்சரத்தையும் கையில் தட்டி வைத்திருந்தார்கள்.

அந்தக் குழுவின் தலைவி எண்பதைத் தாண்டிய பாட்டி. அவரிடம் நோட்டே கிடையாது. தோட்டத்துக் கூலிகள் குடியிருந்த லயன் வீட்டில் தன் அம்மா பாடியதென்று ஒரு முருகன் பாட்டைப் பாடினார். எந்த ராகம் என்று பிடிக்கப் பார்த்தேன். பிடிபடவில்லை. நாட்டுப்புற மெட்டும் இல்லை, நாங்கள் பாடசாலையில் பயின்ற பண்ணும் இல்லை. "சரி செய்து கொடுங்கள்" என்று மற்றப் பெண்கள் கேட்டார்கள். இதில் சரி செய்ய எனக்கு எந்த யோக்கியதையும் இல்லை என்று சொல்லி, பாட்டியிடம் நான் பாடம் கேட்க உட்கார்ந்தேன்.

பாட்டி கண்டிப்பான வாத்தியார். மூன்றாவது அடியில் ஒரு வளைவு எனக்கு வரவே இல்லை. ஊர் திரும்பிய பிறகு பழகிப் பழகி, பாடிப் பதிவுசெய்து அவர் பேத்தியின் வாட்ஸப்புக்கு அனுப்பினேன். மறுநாள் பாட்டியின் குரலிலேயே பதில் வந்தது: "ஃபிர் சே காவோ, பண்டிட்ஜி." மறுபடி பாடு என்கிறார். பாடிக்கொண்டிருக்கிறேன்.